மகாகனம் சாஸ்திரியாரும் ரௌலட் மசோதாவும்

நாகூரிலிருந்து வடக்கே காரைக்காலுக்குச் செல்லும் சாலையை ஒட்டிக் கீழவாஞ்சூர் என்னும் கடலோரக் கிராமம் இருக்கிறது. இன்று அங்கே ஒரு துறைமுகம் இயங்குகிறது. வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில், காரைக்கால் மதுப்புட்டிகள் தமிழ்நாட்டுக்குள் கடத்தப்படுகின்றனவா என்று போலீஸார் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். புதிதாக அவ்வழியே போகிறவருக்கு அந்த எல்லையின் மகிமை அவ்வளவே. ஆனால் 1947-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் வரையில் அவ்விடத்தில் இரண்டு ஏகாதிபத்தியங்கள் ஒன்றையொன்று முட்டி நின்றன. தெற்கே பிரிட்டிஷாரின் தஞ்சை ஜில்லா. வடக்கே 1739-ல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய காரைக்கால். இருபுறமும் ஒரே மண், ஒரே பாஷை, ஒரே காவிரித் தண்ணீர். ஆயினும் ஓர் அடி எடுத்து வைத்தால் சட்டம் மாறிவிடும், போலீஸ் மாறிவிடும், நியாயஸ்தலம் மாறிவிடும்.

இத்தகைய எல்லைகளின் பொருளை நம் தேசபக்தர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பாரதியார் 1908 முதல் பத்து வருஷ காலம் புதுச்சேரியில் வாழ்ந்ததும், 1918-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி அந்த எல்லையைத் தாண்டியவுடன் கடலூரருகே கைதானதும் நாடறிந்த செய்திகள். கோட்டுக்கு அப்பால் கவிஞர். கோட்டுக்கு இப்பால் கைதி. மனிதர் மாறவில்லை, அவர் நின்ற இடத்துச் சட்டந்தான் மாறிற்று.

அந்தச் சட்டங்களை இயற்றியவர் யார்? காரைக்கால்வாசியின் பெயரால் பாரிஸில் நூற்றுக்கணக்கான பிரதிநிதிகளுக்கு இடையே பிரெஞ்சிந்தியா முழுமைக்கும் ஒரு பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். நாகூர்வாசியின் பெயரால் டில்லியில் வைஸ்ராயின் சட்டசபை உட்கார்ந்திருந்தது. இவ்விரண்டில் எதிலும் நம் ஜனங்களின் விருப்பம் செல்லுபடியாகவில்லை. பாரதியார் கைதாகி மூன்று மாதம் முடிவதற்குள், அந்த டில்லிச் சபையில் ஒரு நாள், இதே காவிரிப் படுகையில் பிறந்த ஒரு தமிழர் எழுந்து நின்று ஸர்க்காரின் முகத்துக்கு நேரே நியாயத்தை எடுத்துரைத்தார். அவர்தாம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். அவருடைய வாழ்க்கையையும், அந்த ஒரு நாளையும் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

நம் வாசகர்களில் சிலர் இங்கே முகஞ்சுளிக்கக்கூடும். சாஸ்திரியார் மிதவாதியல்லவா? ஒத்துழையாமையை எதிர்த்தவரல்லவா? பிரிட்டிஷ் மன்னரின் அந்தரங்க ஆலோசனைச் சபையில் அங்கம் பெற்று ‘மகாகனம்’ என்ற அடைமொழியைச் சுமந்தவரல்லவா? எல்லாம் உண்மையே. அவற்றில் எதையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் நம் கட்சியார் செய்த நல்லதை மட்டும் நினைவில் வைத்து, மற்றவர் செய்ததை மறப்பது தேசியம் ஆகாது. அது வெறும் கட்சிப்பற்று.

சாஸ்திரியார் 1869-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதே வருஷம் அக்டோபர் 2-ந் தேதி. ஆகவே சாஸ்திரியார் மகாத்மாவுக்குப் பத்தே நாள் மூத்தவர். ஆயுள் முழுவதும் ஒருவரையொருவர் மதித்து, ஆயுள் முழுவதும் மாறுபட்ட வழியில் நடந்த இவ்விருவரையும் காலம் இரட்டையரைப்போல் அனுப்பியது ஒரு வியப்பே.

தகப்பனார் ஏழை வைதிகர். வீட்டில் சாஸ்திரம் இருந்தது, செல்வம் இல்லை. கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பும் கல்லூரிப்படிப்பும் முடித்த இளைஞர், அக்காலத்துப் பட்டதாரிகள் தேடி ஓடிய ஸர்க்கார் அதிகாரப் பதவியையோ வக்கீல் தொழிலையோ நாடாமல் உபாத்தியாயரானார். மாயவரத்திலும் சேலத்திலும் கற்பித்தார்; பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். ஆங்கில மொழியை அவர் கையாண்ட திறம் பிற்காலத்தில் ஆங்கிலேயரையே வியக்க வைத்தது. அந்தத் திறம் சீமைக் கல்லூரியில் வந்ததன்று. சோழ நாட்டுப் பள்ளிக்கூடங்களில், பலகைக்கு முன் நின்று பிழை திருத்தித் திருத்தி வந்தது. சொல்லை நிறுத்து வழங்கும் உபாத்தியாயர் குணம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பள்ளிக்கூடத்தோடு அவர் தொண்டு நின்றுவிடவில்லை. 1904-ல் திருவல்லிக்கேணியில் ஏற்பட்ட கூட்டுறவுப் பண்டகசாலை, நடுத்தர மக்கள் வியாபாரிகளின் பிடியிலிருந்து தப்பிச் சரியான எடையில் சாமான் பெறுவதற்கு வழி செய்தது. அதைத் தோற்றுவித்தவர்களில் சாஸ்திரியார் முதன்மையானவர். பிறகு புனாவிலிருந்து ஓர் ஒளி அவரை அழைத்தது. கோகலே 1905-ல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம், சொத்துச் சேர்க்கும் ஆசையை விட்டுத் தேசத்துக்கே வாழ்வை ஒப்படைக்கும் சிலரை நாடிற்று. சாஸ்திரியார் 1907-ல் தலைமையாசிரியர் பதவியை உதறிவிட்டு அதிற் சேர்ந்தார். குடும்பஸ்தர் ஒருவர் சொற்ப ஜீவனாம்சத்தை நம்பி இவ்வாறு இறங்குவது எளிய காரியமன்று. 1915-ல் கோகலே காலமானபோது சங்கத்தின் தலைமை இவர் தோள்மீது வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் அச்சங்கத்தில் சேர எண்ணியதும், கொள்கை வேற்றுமை கருதித் தாமே விலகிக்கொண்டதும் அவ்வருஷத்து நிகழ்ச்சிகளே.

1913-ல் சென்னைச் சட்டசபையில் நுழைந்த சாஸ்திரியார், 1916-ல் அச்சபையின் பிரதிநிதியாக வைஸ்ராயின் சட்டசபைக்குச் சென்றார். அந்தச் சபையின் அமைப்பைச் சற்றே விளக்க வேண்டும். 1909-ம் வருஷத்துச் சீர்திருத்தத்தின்படி அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தானங்கள் 27. அவையும் ஜனங்களின் நேரடி வோட்டினால் வந்தவை அல்ல. மாகாண சபைகளும் ஜமீன்தார்களும் வர்த்தகச் சங்கங்களும் போன்ற சிறு கூட்டங்கள் அனுப்பியவை. எஞ்சிய பெரும்பகுதி உத்தியோகஸ்தர்களும் நியமனம் பெற்றவர்களும். மாகாண சபைகளில்கூட உத்தியோகஸ்தர் மிகுதியைக் கைவிட்ட ஸர்க்கார், டில்லிச் சபையில் மட்டும் அதைக் கைவிடவில்லை. வைஸ்ராயே அக்கிராசனர். ஆகவே அச்சபையில் நம்மவர் கேள்வி கேட்கலாம், வாதம் புரியலாம், தர்க்கத்தில் வெல்லலாம். வோட்டில் வெல்ல முடியாது. நம்மவருக்கு அங்கே நாக்கு இருந்தது, கை இல்லை.

1918 நவம்பரில் ஐரோப்பிய மகாயுத்தம் முடிந்தது. இந்தியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும் தொண்டர்களையும் கடல் கடந்து அனுப்பியிருந்தது. யுத்தத்துக்காக 1915-ல் பிறந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் யுத்தத்தோடு மாயும் என்றும், சுயாட்சிக்கு வழி பிறக்கும் என்றும் ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். ஸர்க்காரின் உள்ளம் வேறு திசையில் சென்றது. புரட்சிச் சதிகளை ஆராய என்று 1917 டிசம்பரில் ஸர் ஸிட்னி ரௌலட் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டிருந்தது. அதில் சென்னை ஹைக்கோர்ட் நீதிபதி குமாரசாமி சாஸ்திரியாரும் ஓர் அங்கத்தினர். யுத்தகால அதிகாரங்களைச் சமாதான காலத்திலும் நிலைக்கச் செய்ய வேண்டுமென்று கமிட்டி சிபாரிசு செய்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு சாஸ்திரியார் கையெழுத்திட்ட அறிக்கையை எதிர்த்து வாதாடும் பொறுப்பு, சென்னையிலிருந்து சென்ற இன்னொரு சாஸ்திரியாருக்கு வாய்த்தது.

1919-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி, டில்லியில், இன்று பழைய செயலகம் என்று வழங்கும் மாளிகையில், உள்நாட்டு இலாகா அங்கத்தினர் ஸர் வில்லியம் வின்ஸென்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் சாராம்சம் இது: குறிக்கப்பட்ட குற்றங்களுக்கு ஜூரியின்றி மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள், அவர்கள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஆபத்தானவரென்று ஸர்க்கார் கருதும் ஒருவரை இன்ன இடத்தில் வசிக்க வேண்டும், இன்ன காரியம் செய்யலாகாது என்று கட்டுப்படுத்தலாம். அடுத்த படியில், விசாரணையே இல்லாமல் பிடித்து அடைக்கலாம். குற்றம் செய்தவரைத் தண்டிப்பது சட்டம்; குற்றம் செய்யக்கூடியவர் என்று ஓர் உத்தியோகஸ்தர் நினைத்தவரைத் தண்டிப்பது இந்த மசோதா.

மறுநாள், 7-ந் தேதி, சாஸ்திரியார் எழுந்தார். அவர் வெடிகுண்டுக் கட்சிக்காரரல்லர். பலாத்காரத்தை மனமார வெறுத்தவர். பிரிட்டிஷ் சம்பந்தத்தில் நம்பிக்கை வைத்தவர். முந்திய வருஷத்தில் மிதவாதிகள் காங்கிரஸை விட்டுப் பிரிந்தபோது அவர்களோடு சென்றவர். அதனாலேயே அன்றைய அவருடைய எதிர்ப்புக்குக் கனம் அதிகம். தீவிரவாதி எதிர்த்தால் அது எதிர்பார்த்ததே என்று ஸர்க்கார் ஒதுக்கிவிடும். தனக்கு நண்பன் என்று அது கருதியவன் எதிர்த்தால் எங்ஙனம் ஒதுக்குவது?

அவர் வாதத்தின் நடுநாடி எளியது. தீய சட்டம் தீயவரை மட்டும் தீண்டி நிற்பதில்லை என்பதே அது. ஆயுதசாலையில் வைத்த ஆயுதம் என்றாவது எடுக்கப்படும். சிறு சம்பவங்களால் பீதி பிறக்கும். பீதி பிறந்தால் ஸர்க்கார்கள் நிதானம் இழக்கும். அப்போது நாட்டின் உத்தமர்களே சந்தேகத்துக்கு ஆளாகி, எந்த நாழிகையில் ரகசியப் போலீஸ் கதவைத் தட்டுமோ என்று நடுங்கி வாழ்வார்கள். இதைத் தாம் கண்ணாரக் கண்டதுண்டு என்றார். குற்றவாளிகள் சிலரை ஒடுக்குவதற்காக ஒரு தேசத்தின் பொது வாழ்வு முழுவதையும் இருளில் தள்ளலாமா என்று கேட்டார். மசோதாவை எதிர்ப்பவர்கள் கிளர்ச்சியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொன்னார். கிளர்ச்சியை நாங்கள் மூட்டவில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வேண்டுகோள் வீணாகி மசோதா நிறைவேறுமாயின், அக்கிளர்ச்சியிற் சேராதவன் தன் கடமையைச் செய்தவனாக மாட்டான் என்பது அவர் கருத்து. மிதவாதியின் வாயிலிருந்து இவ்வளவு வந்தது.

காந்தியடிகள் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்தியச் சட்டசபை நடவடிக்கைகளைப் பார்க்கச் சென்றார் என்றும், அது இந்த மசோதாவின் விவாதத்துக்கே என்றும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அங்கே சாஸ்திரியார் ஆவேசத்தோடு பேசியதையும், வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு கட்டுண்டவர்போல் கேட்டிருந்ததையும் அவர் வர்ணிக்கிறார். ஒரு கணம் மகாத்மாவுக்கே நம்பிக்கை பிறந்ததாம். ஆனால் தூங்குகிறவனை எழுப்பலாம். தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியுமா? ஸர்க்கார் முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வாதத்தைச் செவிமடுத்தது. மார்ச் மாதம் 18-ந் தேதி மசோதா சட்டமாயிற்று. உத்தியோகஸ்தரல்லாத இந்திய அங்கத்தினர் அனைவரும் எதிர்த்தனர். உத்தியோகஸ்தர்களின் கைகளால் அது நிறைவேறிற்று. மூன்று வருஷம் மட்டுமே அமலில் இருக்கும் என்பதே ஸர்க்கார் காட்டிய பெருங்கருணை. மாளவியாஜியும் ஜின்னாவும் தங்கள் ஸ்தானங்களை ராஜிநாமாச் செய்தார்கள்.

சட்டம் பிறந்த செய்தி எட்டியபோது காந்தியடிகள் சென்னையில் ராஜகோபாலாச்சாரியாரின் இல்லத்தில் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி உபவாசமும் பிரார்த்தனையும் அனுஷ்டிப்பது என்ற யோசனை அவருக்கு அங்கேதான், விடியற்காலையில், கனவுபோல் உதித்தது. ஏப்ரல் 6-ந் தேதி தேசம் ஹர்த்தால் கொண்டாடிற்று. ஏப்ரல் 13-ந் தேதி அமிர்தசரஸில், ஜாலியன்வாலா பாக்கில், நிராயுதபாணிகள் மீது குண்டுமாரி பொழிந்தது. பீதி பிறந்தால் ஸர்க்கார் நிதானமிழக்கும் என்று சாஸ்திரியார் எச்சரித்து மூன்று மாதங்கூட ஆகவில்லை.

இங்கேதான் நாம் சாஸ்திரியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி எழுகிறது. கிளர்ச்சியிற் சேராதவன் கடமை தவறியவன் என்று சபையில் முழங்கியவர், கிளர்ச்சி வந்தபோது என்ன செய்தார்? சத்தியாக்கிரகத்தில் சேரவில்லை. சட்டத்தை மீறுவது என்னும் வழியையே ஏற்க மறுத்தார். மசோதாவைக் கண்டிப்பதில் முன் நின்றவர், மக்கள் தெருவில் இறங்கியபோது பின் நின்றார். இதை நாம் மன்னித்துவிடவோ மழுப்பிவிடவோ தயாராயில்லை. சொல் ஒரு படி. செயல் அடுத்த படி. முதற்படியில் ஏறி நின்று இரண்டாம் படியைக் கண்டு தயங்கியது மிதவாதத்தின் பிறவிக் குறை.

ஆனால் அவர் சும்மா இருந்துவிடவுமில்லை. 1921-ல் டில்லி மேல்சபையில் இடம் பெற்ற அவர், அடக்குமுறைச் சட்டங்களை மறுபரிசோதனை செய்ய வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாகத் தேஜ் பகதூர் ஸாப்ரு தலைமையில் ஒரு குழு ஏற்பட்டது. அதன் சிபாரிசையொட்டி 1922-ல் ரௌலட் சட்டம் ரத்தாயிற்று. வெளியே ஜனசக்தி எழும்பாதிருந்தால் அத்தீர்மானம் காகிதமாகவே கிடந்திருக்கும். உள்ளே தீர்மானம் கொண்டுவர ஒருவரும் இல்லாதிருந்தால் அந்த ஜனசக்திக்குச் சபையில் வாசல் திறந்திராது. இரண்டும் வேண்டியிருந்தன.

அதன் பின் அவர் வாழ்வு கடல் கடந்த இந்தியர்களின் கௌரவத்துக்காகவே பெரும்பாலும் செலவாயிற்று. 1921-ல் லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டிலும், ஜினீவாவில் சர்வதேச சங்கத்திலும், வாஷிங்டனிலும் இந்தியாவின் பெயரால் பேசினார். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா நாடுகளில் சுற்றி அங்குள்ள இந்தியர்களுக்கு உரிமை கேட்டார். 1923-ல் கென்யா விஷயத்தில் பிரிட்டிஷ் ஸர்க்கார் வெள்ளைக் குடியேறிகளின் பக்கம் சாய்ந்தபோது அந்த மிதவாதியின் நாவே கனல் கக்கிற்று. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் ஏஜெண்டாக இருந்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு உயர்ந்த கல்வி வேண்டுமென்று அவர் பாடுபட்டதன் நினைவாக டர்பனில் சாஸ்திரிக் கல்லூரி நிற்கிறது. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பலேறிப் போன குடும்பங்களை அறிந்த இக்கடற்கரை மக்களுக்கு அதன் அருமை விளங்கும். இக்காலத்தில் வந்த ‘ஸர்’ பட்டத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் சொல்வது நியாயம்.

1935 முதல் ஐந்து வருஷம் அண்ணாமலை ஸர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்தார். கலைச்சொற்கள் ஆக்குவதற்கு 1940-ல் ஏற்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்து, வடசொற்பக்கம் சாய்ந்ததாகத் தமிழன்பர்களின் கண்டனத்துக்கும் ஆளானார். அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. 1944-ல் மயிலாப்பூரில் அவர் நிகழ்த்திய இராமாயணப் பிரசங்கங்களைக் கேட்கக் கூட்டம் அலைமோதிற்று. 1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், நோயுற்றுக் கிடந்த தம் பத்து நாள் மூத்த நண்பரைத் தேடிச் சென்று கண்டார். அவ்வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் மறைந்தார். சுதந்திரத்தைக் காண அவருக்குப் பதினாறு மாதம் போதவில்லை.

இக்கதையை இன்று ஏன் சொல்கிறோம்? அந்நியன் போய்விட்டான். 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வோட்டளித்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டபூர்வமாகவும் அந்த எல்லை மறைந்தது. அவ்வருஷமே நம் பார்லிமெண்ட் அரசியல் சாஸனத்தைத் திருத்திப் புதுச்சேரிக்கு லோக்சபையில் ஓர் ஸ்தானம் வகுத்தது. கீழவாஞ்சூர்வாசி இன்று தன் பிரதிநிதியைத் தன் வோட்டால் டில்லிக்கு அனுப்புகிறான். அங்கே வைஸ்ராய் இல்லை. உத்தியோகஸ்தர் மிகுதி இல்லை.

ஆனால் விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் இல்லையா? குடியரசு பிறந்த மறு மாதத்திலேயே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறிற்று. அதன்கீழ்ச் சென்னை ராஜ்யச் சிறையில் வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டின் வாயிலில் நின்றார். அவ்வருஷம் மே மாதம் பெரும்பான்மை நீதிபதிகள் அச்சட்டத்தின் முக்கிய பாகத்தைச் செல்லுமென்றே தீர்த்தார்கள். அது 1969-ல் காலாவதியாயிற்று. 1971-ல் மிசா வந்து, நெருக்கடி நிலையின்போது தலைவர்களையும் தொண்டர்களையும் விழுங்கிற்று. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், 1982-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டமும் வந்தன. இவ்விரண்டும் இன்றும் இருக்கின்றன. இவற்றின்கீழ் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். இவற்றை ரௌலட் சட்டத்தோடு அப்படியே சமமாக்கி நாம் பேசவில்லை. இவை ஜனப்பிரதிநிதிகள் இயற்றியவை. ஆலோசனைக் குழுவும் ஹைக்கோர்ட்டும் இவற்றைப் பார்வையிடுகின்றன. ஆனால் தீய சட்டம் தீயவரை மட்டும் தீண்டாது என்று சாஸ்திரியார் காட்டிய நியாயம், சட்டத்தை இயற்றியவர் வெள்ளையரா நம்மவரா என்று பார்ப்பதில்லை.

வெள்ளையர் சபையில் நம்மவருக்கு நாக்கு இருந்தது, கை இல்லை என்றோம். இன்று நம் பிரதிநிதிகளுக்குக் கை இருக்கிறது. கட்சிக் கட்டளைக்கு அது உயரும் வேகத்தில், நாக்கு இருப்பதை மறந்துவிடும் அபாயமும் இருக்கிறது. ஒரு மசோதா வரும்போது அதைப் படித்து, அதன் கூர்முனை நாளை யார் மீது பாயும் என்று யோசித்து, தோற்பது உறுதி என்று தெரிந்தும் எழுந்து நின்று பேசுகிறவர் எத்தனை பேர்? அத்தகையவரைச் சபைக்கு அனுப்புவது வோட்டர்களின் கடமை. அவர் சொல் சபையோடு மடிந்துவிடாமல் ஊர்தோறும் எடுத்துச் செல்வது தொண்டர்களின் கடமை. 1919-ல் சாஸ்திரியார் முதற்கடமையைச் செய்தார். காந்தியடிகளும் ஜனங்களும் இரண்டாவதைச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் சட்டம் வீழ்ந்தது.

வாஞ்சூர்ச் சாவடியைக் கடந்து செல்லும் நண்பர்கள் அடுத்த முறை அங்கே ஒரு கணம் நிற்கட்டும். கோட்டைத் தாண்டி ஓடித் தப்பக்கூடிய அயல் மண் இனி நமக்கு இல்லை. சட்டம் கொடியதானால் அதை மாற்றுவதைத் தவிர நமக்கு வேறு புகலிடம் கிடையாது.